ஏர் வந்தபோது பெண் எங்கே போனாள்?
எஸ்தர் போஸரப் நினைவுரை

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் சங்கத்தில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஆட்டம் பாட்டம் சாப்பாடு எல்லாம் ஆரம்பிப்பதற்கு முன்னால், மறைந்த பெரியவர் ஒருவரைப் பற்றி நம்மில் ஒருவர் பேச வேண்டும். இதுவரை பேசியவர்கள் அணை கட்டியவர்களைப் பற்றிப் பேசினார்கள், ராக்கெட் விட்டவர்களைப் பற்றிப் பேசினார்கள். இந்த வருஷம் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "நீ யாரைப் பற்றிப் பேசறே?" என்று கேட்டார். "எஸ்தர் போஸரப்" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நீங்க மிஷின் வாங்கற கம்பெனிக்காரங்களாப்பா?" என்று கேட்டார்.

இல்லை. அவர் ஒரு பொருளாதார அறிஞர். டென்மார்க் நாட்டுப் பெண்மணி. பெண்கள் செய்யும் வேலையைப் பொருளாதாரக் கணக்குக்குள் கொண்டு வந்த முன்னோடிகளில் ஒருவர். 1999-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 24-ஆம் தேதி, தம் 89-ஆவது வயதில் காலமானார். அப்போது நான் திருவாரூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் டீக்கடைப் பேப்பரில் அந்தச் செய்தி வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. செப்டம்பர் கடைசி என்றால் எங்கள் பக்கம் சம்பா நடவுக் காலம். அன்றைக்கு என் அம்மா யார் வயலில் குனிந்து நின்றார் என்பது எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு வயலில்தான் நின்றிருப்பார். அது மட்டும் நிச்சயம்.

என் அம்மா நடவு ஆள். இந்த மேடையில் இதைச் சொல்ல எனக்குப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கிறது. படிக்கும் காலத்தில் சொல்லவில்லை. ஹாஸ்டல் மெஸ் பில் பாக்கிப் பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்களே, அதில் என் பெயர் எந்தெந்த மாதம் இருந்தது என்று பார்த்தால், டெல்டாவில் எந்தெந்த மாதம் நடவு இல்லை என்று சொல்லிவிடலாம். குறுவை, சம்பா, தாளடி நடவு முடிந்த கையோடு மணியார்டர் வந்துவிடும். மற்ற மாதங்களில் அபராதத்தோடு கட்டுவேன்.

சரி, எஸ்தர் அம்மையாரிடம் வருகிறேன்.

அவர் பிறந்தது 1910 மே 18, கோப்பன்ஹேகன் நகரில். நம் எல்லோருக்கும் ஆர்வமான ஒரு செய்தி சொல்கிறேன்: அவருடைய அப்பா ஒரு இன்ஜினியர். ஆனால் எஸ்தருக்கு இரண்டு வயதாகும்போதே அப்பா இறந்துபோனார். குடும்பம் கஷ்டத்தில் விழுந்தது. படித்தால்தான் உனக்கு வழி என்று அவரைத் தள்ளிவிட்டவர் அவருடைய அம்மா. 21 வயதில், படிக்கும்போதே மோகன்ஸ் போஸரப் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். 1935-ல் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் படிப்பை முடித்தார். டென்மார்க் அரசாங்கத்தில் வேலை பார்த்தார். மூன்று பிள்ளைகள் பெற்றார். 1947-ல் ஐக்கிய நாடுகள் சபையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தில் சேர்ந்து ஜெனீவா போனார். பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவர் அல்ல அவர். அரசாங்க ஆபீஸிலும் ஐ.நா. ஆபீஸிலும் புள்ளிவிவரத் தாள்களோடு மல்லுக்கட்டி வளர்ந்தவர்.

1957-ல் ஒரு திருப்பம். சுவீடன் நாட்டு அறிஞர் குன்னர் மிர்தால் ஆசிய நாடுகளின் வறுமையைப் பற்றி ஒரு பெரிய ஆராய்ச்சியைத் தொடங்கியிருந்தார். அதில் வேலை செய்யக் கணவனும் மனைவியுமாக இந்தியாவுக்கு வந்தார்கள்.

அந்தக் காலத்துப் பொருளாதார நிபுணர்கள் நம் கிராமங்களைப் பற்றி ஒரு முடிவோடு இருந்தார்கள். விவசாயத்தில் ஆள் அதிகம், பாதிப் பேர் சும்மாதான் இருக்கிறார்கள், அவர்களைத் தொழிற்சாலைக்கு இழுத்துக்கொண்டாலும் விளைச்சல் ஒரு மூட்டைகூடக் குறையாது என்பது அந்த முடிவு. எஸ்தர் அம்மையார் இந்தியக் கிராமங்களைப் பார்த்தபிறகு இதை நம்ப மறுத்தார். நமக்கு இது புரிவதற்குப் பட்டம் வேண்டாம். சித்திரை மாதம் எங்கள் ஊருக்கு வந்தால் எல்லோரும் திண்ணையில் இருப்பார்கள். நடவுக்கு வந்து பாருங்கள், கெஞ்சினாலும் ஆள் கிடைக்காது. வருஷத்தின் சராசரியைப் போட்டுப் பார்த்தவர்களுக்குச் சும்மா இருப்பது தெரிந்தது. பருவம் பருவமாகப் பார்த்த அம்மையாருக்கு உழைப்பு தெரிந்தது. இன்ஜினியர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், அவர்கள் சராசரி லோடைப் பார்த்தார்கள், இவர் பீக் லோடைப் பார்த்தார்.

அந்த இந்திய அனுபவத்தின் விளைவாக வந்தது 1965-ல் அவர் எழுதிய 'வேளாண் வளர்ச்சியின் நிலைமைகள்' என்ற சின்னப் புத்தகம். சின்னதுதான், ஆனால் 1798-லிருந்து உலகத்தைப் பயமுறுத்திக்கொண்டிருந்த மால்தஸ் கொள்கையையே அது தலைகீழாகத் திருப்பிப் போட்டது. மால்தஸ் என்ன சொன்னார்? உணவு உற்பத்தி இவ்வளவுதான் கூடும், ஜனத்தொகை அதை மீறிப் பெருகும், பஞ்சமும் நோயும் வந்து சரிசெய்யும் என்றார். எஸ்தர் அம்மையார் சொன்னது வேறு. ஜனங்கள் குறைவாக இருக்கும்போது காட்டை வெட்டி எரித்து, ஓரிரு வருஷம் விதைத்துவிட்டு, 20, 25 வருஷம் தரிசாகப் போட்டுவிடுவார்கள். அதற்கு ஒரு குச்சி போதும். ஜனங்கள் பெருகப் பெருகத் தரிசு விடும் காலம் குறையும். காடு போய்ப் புல் முளைக்கும். புல்லை எடுக்க ஏர் வேண்டும். அப்புறம் உரம், பாசனம், வருஷம் ஒரு போகம், பிறகு இரண்டு போகம். தேவை வந்த பிறகுதான் கருவி வருகிறது என்றார். அதோடு நிறுத்தவில்லை. இப்படி முன்னேறும்போது ஏக்கருக்கு விளைச்சல் கூடும், ஆனால் அந்த விளைச்சலுக்கு மனிதன் கூடுதல் நேரம் முதுகை ஒடிக்க வேண்டியிருக்கும் என்றும் எழுதினார்.

அந்தக் கூடுதல் வேலை யார் முதுகில் ஏறுகிறது? இந்தக் கேள்விதான் அவரை 1970-ல் அடுத்த புத்தகத்துக்குக் கொண்டுபோனது. அதன் பெயர் 'பொருளாதார வளர்ச்சியில் பெண்ணின் பங்கு'.

இந்த இடத்தில் நான் ஒருவருக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். மூன்றாம் வருஷம் நமக்கு இன்ஜினியரிங் எகனாமிக்ஸ் என்று ஒரு பேப்பர் உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் முதல் பீரியட். மெஸ்ஸில் சாம்பார் சாதத்தை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்து, கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் கலையை நாங்கள் கற்றது அந்த வகுப்பில்தான். பாடம் எடுத்த மேடம் இன்றைக்கும் நம்முடன் முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். ஒருநாள் தேய்மானக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "ஏர் வந்தப்போ பெண் எங்கே போனாள்? யாராவது சொல்லுங்க பார்ப்போம்" என்றார்கள். பின்னாலிருந்து ஒருவன், "சமையல்கட்டுக்கு மேடம்" என்றான். வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. "சரியான பதில்தான். ஏன்னு சொல்லு" என்றார்கள். அவனுக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வி பரீட்சைக்கு வராது என்று தெரிந்ததும் நாங்கள் எல்லோரும் மறுபடி தூங்கிவிட்டோம். அந்த 'அவன்' நான்தான்.

ஏன் என்பதற்கு எஸ்தர் அம்மையாரின் புத்தகத்தில் பதில் இருக்கிறது. சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில், காட்டை எரித்து விதைக்கிற விவசாயம். மரம் வெட்டுவது ஆண். கொத்தி, விதைத்து, களை எடுத்து, அறுப்பது பெரும்பாலும் பெண். அதை அவர் பெண்களின் விவசாயம் என்றார். ஏர் உழவு நடக்கிற நாடுகளில் மாட்டைக் கட்டி உழுவது ஆண் என்றாகிவிட்டது. களை குறைந்தது, கொத்து வேலை குறைந்தது. வசதியுள்ள வீடுகளில் மிச்ச வேலைக்குக் கூலியாள் வைத்துக்கொண்டார்கள். பெண் வயலைவிட்டு வீட்டுக்குள் போனாள். மூன்றாவது, நம்மைப் போன்ற நஞ்சை நாடுகள். தண்ணீர் பாய்ச்சி நாற்று நடுகிற இடத்தில் இரண்டு பேர் உழைப்பும் இல்லாமல் சோறு இல்லை. அதனால் பெண் வயலிலேயே இருந்தாள்.

இதுவரை வரலாறு. அடுத்து அவர் எழுதியதுதான் நம்மைப் போன்றவர்களைத் தொடுகிற விஷயம். ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்காவை ஆண்டபோது, விவசாயம் ஆண் தொழில் என்ற தங்கள் ஊர்ப் பழக்கத்தையும் கூடவே எடுத்துப் போனார்கள். புதிய பயிர், புதிய கருவி, புதிய முறை எல்லாவற்றையும் ஆண்களைக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். அதுவரை வயலைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணை யாரும் கூப்பிடவில்லை. பணப்பயிரும் கருவியும் ஆணுக்கு, வீட்டுக்கு வேண்டிய கிழங்கும் மண்வெட்டியும் பெண்ணுக்கு. இரண்டு பேருக்கும் உற்பத்தித் திறனில் இடைவெளி விழுந்தது. வருஷம் போகப் போக அது விரிந்தது. கடைசியில், "பெண்ணுக்கு விவசாயம் வராது" என்று அவர்களே சொன்னார்கள். முன்னேற்றம் என்ற பெயரில் வந்ததே பெண்ணைப் பின்னால் தள்ள முடியும் என்பதை ஆதாரத்தோடு எடுத்துவைத்தது அந்தப் புத்தகம்.

அதற்கு விளைவும் இருந்தது. வளர்ச்சித் திட்டங்களில் பெண்கள் என்ற தனித்துறையே அதையொட்டி உருவானது. அமெரிக்கா வெளிநாடுகளுக்குக் கொடுக்கும் உதவியில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று 1973-ல் சட்டத் திருத்தம் வந்தது. 1975-ல் மெக்ஸிகோ நகரில் உலகப் பெண்கள் மாநாடு நடந்தது. 1976-லிருந்து 1985 வரை பெண்களுக்கான பத்தாண்டு என்று ஐ.நா. கொண்டாடியது. இவற்றுக்கெல்லாம் கருத்து உரம் போட்ட புத்தகங்களில் முக்கியமானது இது.

இனி என் கதை. இதைச் சொல்லத்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

படிப்பை முடித்து நான் ஒரு விவசாய இயந்திரக் கம்பெனியில் சேர்ந்தேன். நடவு இயந்திரத்தை டெல்டாவில் இறக்குகிற பொறுப்பு. சேற்றைப் பற்றித் தெரிந்த பையன் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். பாய் நாற்றங்காலில் வளர்த்த நாற்றைத் தட்டில் வைத்தால், இயந்திரத்தின் விரல் கிள்ளிக் கிள்ளி வரிசையாக ஊன்றிக்கொண்டே போகும். பார்க்க அழகாக இருக்கும். முதல் முறை அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது என்றால் நம்புங்கள். அம்மாவின் கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணுக்கு மஞ்சளும் எண்ணெயும் தடவிவிட்டு வளர்ந்தவன் நான். இனி யார் அம்மாவும் குனிய வேண்டாம் என்று நினைத்தேன். பொய்யில்லை, அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு குறுவைக்கு முன்னால் மூன்று நாள் பயிற்சி முகாம் நடத்தினோம். 30 பேர். பதிவேட்டில் 30 பெயரும் ஆண் பெயர். பெண்களும் இருந்தார்கள். அவர்கள் மண் சலித்து, தட்டில் நிரப்பி, விதை தூவி, பூவாளியால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் வயலில் ஓட்டிக் காட்டும்போது, சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டுத் தலையில் துண்டு கட்டிய ஓர் அக்கா வரப்பில் வந்து நின்று, "சார், ஒரு சுத்து நான் ஓட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

நான், "சேலை சக்கரத்துல மாட்டிக்கும்க்கா, அப்புறம் பாக்கலாம்" என்றேன்.

"மேல சட்டை போட்டிருக்கேன், கீழயும் பேன்ட்டு போட்டுக்கிட்டா ஆச்சு" என்றார் அவர். முகாமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அவரும் சிரித்துக்கொண்டே தட்டு அடுக்கப் போய்விட்டார்.

அந்த வாரம் வீட்டுக்குப் போனபோது இதை அம்மாவிடம் ஒரு ஜோக் மாதிரிச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அந்த மிஷினு ஒரு நாளைக்கு எவ்வளவு நடும்?" என்று கேட்டார்.

"நாலு ஏக்கர் நடும்மா."

"ஏக்கருக்கு எத்தன பேரு நடுவோம்?"

"பன்னெண்டு பேரு."

"கூட்டிச் சொல்லு."

"நாப்பத்தெட்டு" என்றேன்.

"நாப்பத்தெட்டுப் பேரு வேலைய எடுத்துக்கிட்டு ஒரு சீட்டு போட்டிருக்கீங்க. அதுல ஒருத்தி ஒக்காரட்டுமான்னு கேட்டிருக்கா. அதுக்காடா தம்பி சிரிச்சீங்க?"

எனக்குப் பேச்சு வரவில்லை. ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தேன். முதுகு வலி, சேற்றுப்புண் என்று ஆரம்பித்தேன். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "குனியற வேலை போவட்டும், அதுல எனக்கு வருத்தம் இல்ல. கூலியும் அதோட போவுதே, அதுக்கு என்ன வச்சிருக்கீங்க?"

அன்று ராத்திரி படுக்கும்போதுதான் மேடத்தின் கேள்வி ஞாபகம் வந்தது. ஏர் வந்தபோது பெண் எங்கே போனாள்? மறுநாள் மேடத்துக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும், "வகுப்புக்கு இப்பத்தான் வந்திருக்கே. பரவாயில்லை, அட்டெண்டன்ஸ் போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டுத் தம்மிடம் இருந்த புத்தகத்தையே தபாலில் அனுப்பி வைத்தார்கள். அப்படித்தான் எஸ்தர் அம்மையார் எனக்கு அறிமுகம். அவர் இறந்து வெகுகாலம் கழித்து.

படிக்கப் படிக்க வெட்கமாக இருந்தது. ஆப்பிரிக்காவில் வெள்ளைக்கார அதிகாரி செய்ததை நான் என் சொந்த ஜில்லாவில், என் சொந்தக்காரப் பெண்களுக்குச் செய்திருந்தேன். அவருக்காவது அந்த வயலில் யார் வேலை செய்தார்கள் என்று தெரியாமல் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியும். நடவு என்றால் அது பெண்கள் வேலை என்று பால் குடிக்கும்போதே தெரியும். ஆனால் அதே நடவுக்கு ஓர் இன்ஜினும் ஒரு சாவியும் வந்தவுடனே, அது ஆண் வேலை என்று என் மனசு எழுதிக்கொண்டது. யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. பயிற்சிக்கு யாரைக் கூப்பிடலாம் என்று நான்தான் முடிவு செய்தேன்.

மானியத்திலும் இதே கதை. மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பெண்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் மானியம் வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் நான் இயந்திரம் ஒப்படைத்த பல வீடுகளில் மனுவில் மனைவி பெயர், போட்டோவில் மனைவி முகம், சாவி மட்டும் கணவன் இடுப்பில்.

எஸ்தர் அம்மையார் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. அவரை மதித்தவர்களே அவரோடு வாதாடியிருக்கிறார்கள். லூர்து பெனெரியாவும் நம் நாட்டு கீதா சென்னும் 1981-ல் எழுதிய கட்டுரை அதில் முக்கியமானது. பெண்ணை வளர்ச்சிக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் மட்டும் போதுமா, அந்த வளர்ச்சியே யாருக்கு லாபம் என்று கேட்க வேண்டாமா என்றார்கள். சமையல், பிள்ளை வளர்ப்பு, தண்ணீர் எடுப்பது என்று வீட்டுக்குள் நடக்கும் உழைப்புக்கு அவர் போதிய இடம் தரவில்லை என்றார்கள். நியாயமான கேள்விகள். 2019-ல் நம் நாட்டில் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் ஒரு நாளைக்கு சராசரியாக 299 நிமிஷம் அதற்குச் செலவிட்டார்கள். அந்த வேலை செய்த ஆண்கள் 97 நிமிஷம். அதிலும் அந்த வேலையைத் தொட்ட ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான்.

ஆனால் ஏரைப் பற்றி அவர் சொன்னது நிலைத்து நிற்கிறது. அவர் மறைந்து 14 வருஷம் கழித்து, 2013-ல், அலெஸினா, ஜூலியானோ, நன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் அந்தக் கருத்தைச் சோதித்துப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முன்னோர் ஏர் பிடித்து உழுத சமூகங்களில் இன்றைக்கும் பெண்கள் வெளி வேலைக்குப் போவது குறைவாக இருக்கிறது என்று கண்டார்கள். வேறு நாட்டுக்குக் குடியேறியவர்களின் பிள்ளைகளிடம்கூட அந்தச் சாயல் இருந்ததாம். ஏரைப் பார்த்தே இராத பிள்ளைகள்! ஒரு கருவி மண்ணைவிட்டுப் போன பிறகும் மனசைவிட்டுப் போவதில்லை. நாம் இன்றைக்கு வரைபடத்தில் போடுகிற ஒரு கோடு எத்தனை தலைமுறைக்கு நீளும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் பயிற்சிக்கு ஆறு பெண்களைச் சேர்க்க மேலதிகாரியிடம் கேட்டேன். அலைந்து திரிந்து அனுமதி கிடைத்தது. அப்போது ஒரு விஷயம் கவனித்தேன். விலை குறைந்த இயந்திரம் பின்னாலேயே நடந்து ஓட்டுவது. வரப்போரம் வந்தால் சேற்றில் அதைத் தூக்கித் திருப்பத் தோள் பலம் வேண்டும். விலை கூடிய, உட்கார்ந்து ஓட்டுகிற இயந்திரத்துக்குப் பவர் ஸ்டீயரிங். ஒரு விரலால் திருப்பலாம். பெண்களுக்கு ஒத்துவருவது இரண்டாவது. ஆனால் அவர்கள் கைக்கு எட்டும் விலை முதலாவது. சீட்டிலிருந்து பெடலுக்குக் கால் எட்டவில்லை. ஒரு மரக்கட்டையை வெட்டி பெடலில் போல்ட் போட்டு முடுக்கினேன். என் இன்ஜினியரிங் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சின்ன டிசைன் மாற்றம் அது. முதலிலேயே யாராவது நினைத்திருந்தால் செலவில்லாமல் முடிந்திருக்கும்.

ஆறு பேரில் இரண்டு பேர் வீட்டில் சம்மதிக்கவில்லை என்று நின்றுவிட்டார்கள். நான்கு பேர் முடித்தார்கள். முதல் நாள் ஒருவர் வண்டியைச் சேற்றில் புதைத்துவிட்டார். "பொம்பளை ஓட்டினா இப்படித்தான்" என்றார் வயல்காரர். அதற்கு முந்தின வருஷம் ஆண்கள் எத்தனை பேர் புதைத்தார்கள் என்று என்னிடம் கணக்கு இருக்கிறது. அப்போது யாரும், "ஆம்பளை ஓட்டினா இப்படித்தான்" என்று சொல்லவில்லை. இப்போது அவர்களில் இரண்டு பேர் மகளிர் குழு வாங்கிய இயந்திரத்தை வாடகைக்கு ஓட்டுகிறார்கள்.

அன்றைக்கு வரப்பில் நின்று என்னிடம் கேட்ட அந்த அக்கா அந்த நான்கு பேரில் இல்லை. தேடிக்கொண்டு போனேன். நடவு வேலை குறைந்துவிட்டதால் மகளோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார் என்றார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு வருஷம் தாமதமாக. அவருக்கு அது தாங்கவில்லை. இதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்ல மாட்டேன்.

48 பேர் வேலை போனால் ஒருவருக்கோ இருவருக்கோதான் சீட்டு. மீதிப் பேருக்கு என்ன வழி என்று அம்மா இன்றும் கேட்கிறார். என்னிடம் முழுப் பதில் இல்லை. நாற்றங்கால் போட்டு விற்பது, குழுவாக இயந்திரம் வாங்கி வாடகையைப் பங்கு போடுவது என்று சில முயற்சிகள் நடக்கின்றன. அதுவே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று சொல்லி உங்கள் கைதட்டலை வாங்க எனக்கு விருப்பமில்லை.

எஸ்தர் அம்மையாரின் கணவர் 1980-ல் இறந்தார். அதற்குப் பிறகும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1981-ல் மக்கள்தொகையும் தொழில்நுட்ப மாற்றமும் பற்றி இன்னொரு புத்தகம் வந்தது. தாம் செய்த வேலைகளையும் எழுதிய நூல்களையும் பற்றி அவரே எழுதிய சின்ன நூல் 1999-ல், அவர் மறைந்த அதே வருஷம், வெளிவந்தது. இன்ஜினியரின் மகள். அப்பாவின் முகம்கூட ஞாபகம் இருந்திருக்காது. ஆனால் வாழ்நாள் முழுக்க இன்ஜினியர்களைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றும்.

இந்த அரங்கில் பம்பு செய்கிறவர்கள் இருக்கிறீர்கள், தறி செய்கிறவர்கள் இருக்கிறீர்கள், சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் பாதிக்கு மேல் இருக்கிறீர்கள். உங்கள் எல்லோரிடமும் தம்பி என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை ஒரு இயந்திரத்தை எங்கேயாவது இறக்கும்போது, பயிற்சிப் பட்டியலில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், இந்த வேலையை இதுவரை செய்துகொண்டிருந்தவர் யார் என்று கேளுங்கள். அவர் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், வரப்பில் எங்கேயாவது நின்றுகொண்டிருப்பார். கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று. போன குறுவைக்கு அம்மாவை அழைத்துப் போய், பெண்கள் இயந்திரம் ஓட்டுவதைக் காட்டினேன். பெருமைப்படுவார் என்று எதிர்பார்த்தேன். வரப்பில் நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "மூலையில கோணுது பாரு. அவளுகளுக்கு இன்னொரு நாள் சொல்லிக்குடு" என்றார்.

சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.